ராத்திரி ஆறவிட்ட ரூட்

காலை ஆறரை மணிக்கு ஃபோன். "சார், நேத்து போட்ட ரூட்ல கோடு தெரியுது." இரண்டு பைப்பைச் சேர்க்கும் வெல்டில் முதலில் போடும் அடிப்படலம்தான் ரூட். 18 இஞ்ச், எக்ஸ்65 ரக இரும்பு லைன் பைப், சுவர் 12.7 மி.மீ. முந்தின நாள் மாலை மழை பிடித்துக்கொள்ள, 6010 வெல்டிங் ராடில் ரூட்டை மட்டும் முடித்து, பைப்புகளை நேராகப் பிடித்திருந்த கிளாம்ப்பைக் கழற்றி, தார்ப்பாயைப் போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள்.

பள்ளத்துக்குள் இறங்கி டிபி (விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயச் சோதனை) அடித்துப் பார்த்தேன். வெள்ளை டெவலப்பரில், ஆறு மணி பொசிஷனில், அதாவது பைப்பின் அடிப்பக்கத்தில், பீடின் (உருகி உறைந்த வெல்ட் வரியின்) நடுவே விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு ஊறி வந்தது.

எல்லோரும் வெல்டரைத்தான் பார்த்தார்கள். நான் பைப்புக்கு அடியில் பார்த்தேன். ஜாயிண்டுக்குப் பக்கத்தில் முட்டுக் கொடுத்திருந்த கட்டை ஈரமண்ணில் இறங்கியிருந்தது. பைப் தொய்ந்தால் இழுபடுவது அடிப்பக்கம்தான். அங்கே இருந்ததோ சுமார் 3 மி.மீ கனமுள்ள ஒற்றை பீட். முழுச் சுவரும் சுமக்க வேண்டிய எடையை அது ராத்திரி பூரா தனியாகச் சுமந்திருக்கிறது.

இதோடு ஹைட்ரஜனும் சேர்ந்துகொள்கிறது. 6010 ராடின் பூச்சு செல்லுலோஸ். எரியும்போது ஹைட்ரஜனை அள்ளிக் கொட்டும். ஹைட்ரஜன் குறைந்த 7018 ராட் மாதிரி ஓவனில் சுட்டு இதைச் சரிசெய்ய முடியாது, பூச்சில் ஈரம் இல்லாவிட்டால் ஆர்க்கே கெட்டுப்போகும். ஹைட்ரஜன் சீக்கிரம் வெளியேற வேண்டுமென்றால் சூடு வேண்டும். ரூட் ஆறுவதற்குள் ஹாட் பாஸ், அதாவது அதன் மேல் வரும் இரண்டாவது படலம், போடச் சொல்வது அதனால்தான். ஆறவிட்டால் கடினப்பட்ட இரும்புக்குள் அது சிக்கி, மணிக்கணக்கில், சில சமயம் இரண்டு நாள் கழித்துக்கூட, விரிசலைத் திறக்கும். வெல்டிங் முடிந்த கையோடு எடுத்த டெஸ்டில் அது தெரியாது.

"ஹாட் பாஸ்ல கரைஞ்சிடும் சார்" என்றார் ஒருவர். கரையாது. கண்ணுக்குத் தெரியும் கோட்டையும் தாண்டி விரிசலின் நுனி போயிருக்கும். பைப்லைன் வெல்டிங்குக்கான விதிநூல் ஏபிஐ 1104 விட்டுக்கொடுப்பது 4 மி.மீக்கு மேற்படாத, ஆழமில்லாத கிரேட்டர் விரிசலை (பீட் முடியும் குழியில் வருவது) மட்டுமே. ஜாயிண்டை வெட்டச் சொன்னேன்.

வெட்டிய துண்டில் கோட்டோடு பிளந்து பார்த்தோம். பிளந்த முகம் பளிச்சென்று இருந்தது, நீலம் ஏறவில்லை. பீட் சூடாக இருக்கும்போதே பிளந்திருந்தால் காற்றுப்பட்டு நிறம் மாறியிருக்கும். அப்படி மாறியிருந்தால் குழிந்த மெல்லிய பீட், பைப்புகளுக்கு நடுவே அகலமான கேப், இரும்பில் கந்தகம் என்று வேறு பக்கம் தேட வேண்டும். இது ஆறிய பிறகு வந்தது. வெல்டர் மேல் பழி போடும் முன் இந்த முகத்தை ஒருமுறை பாருங்கள்.

பிரீஹீட், அதாவது வெல்டிங்குக்கு முன் பைப்பைச் சூடாக்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். டார்ச் காட்டியதும் பைப்பில் நீர் முத்து கட்டும். "இரும்புல இருந்து தண்ணி கக்குது" என்பார்கள். அது எரியும் கேஸிலிருந்து வரும் நீராவி, குளிர்ந்த பைப்பில் படிவது. அது காய்ந்ததுமே பிரீஹீட் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். சுடரை எடுத்து, சூடு உள்ளே பரவ நேரம் கொடுத்து, ஜாயிண்டின் இரு பக்கமும் டெம்பரேச்சர் சாக்கால் (குறித்த சூட்டில் உருகும் சாக்) கோடு போட்டுப் பாருங்கள்.

கிளாம்ப் விஷயம்: பைப்புக்குள் மாட்டும் உள் கிளாம்ப் என்றால் ரூட் முழுசாக முடியும்வரை கழற்றக் கூடாது. வெளிக் கிளாம்ப் என்றால் சுற்றிலும் சமமாகப் பாதி ரூட்டாவது விழுந்திருக்க வேண்டும். ஹாட் பாஸ் முடியும்வரை பைப்பைத் தூக்கவோ இறக்கவோ வேண்டாம். செயின் பிளாக் போட்டு இழுத்துச் சேர்த்த ஜாயிண்டில் அந்த இழுவை உள்ளேயே நிற்கும். அதற்குப் பதில் ஃபிட்-அப்பை (பைப்புகளைப் பொருத்துவதை) மறுபடி செய்யலாம்.

அந்த வேலையில் அன்றிலிருந்து நாலரை மணிக்கு மேல் வானத்தைப் பார்ப்போம். ஹாட் பாஸுக்கும் நேரம் இருந்தால்தான் அடுத்த ஜாயிண்டில் ரூட்டைத் தொடங்குவது.