கண்ணுக்குத் தப்பும் கம்பி

சிறிய விமானமோ, முதுகில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு பாராசூட் போன்ற இறக்கையில் பறக்கும் பாராமோட்டாரோ ஓட்டுகிறவர்களுக்குத் தாழப் பறப்பதில் ஒரு கிறக்கம் உண்டு. தரை நெருங்க நெருங்கத்தான் வேகமே உறைக்கும். ஆனால் மின்கம்பிகள் இருப்பதும் அதே உயரத்தில்தான். கவனமாகப் பார்த்து ஓட்டினால் கம்பி தெரியாமலா போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். கண் வேலை செய்யும் விதம் அந்த நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை.

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு வரைதான் நுணுக்கங்களைத் தெளிவாகப் பிரித்தறியும். 3 செ.மீ. தடிமனுள்ள உயர் அழுத்தக் கம்பி 100 மீட்டர் தள்ளியே அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் அது 2 விநாடித் தூரம். வெறும் வானத்தின் எதிரே இன்னும் மெல்லிய கோடும் தெரியும், சரி. ஆனால் தாழப் பறப்பவருக்குக் கம்பியின் பின்னணி மரங்களும் மலைச்சரிவும். புதிதில் பளபளக்கும் அலுமினியமும் நாளாக ஆக மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும்.

கம்பி கண்ணில் பட்டாலும் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கஷ்டம். நம் கண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், இரண்டிலும் விழும் பிம்பங்களின் இட வல வித்தியாசத்தையும் வைத்து மூளை தொலைவை அறிகிறது. கிடைமட்டமாக ஓடும் கம்பியோ இரண்டு கண்ணுக்கும் ஒரே கோடு.

மிகவும் பயப்பட வேண்டியது கோபுரத்தின் உச்சியில் ஓடும் எர்த் கம்பி. மின்னலைத் தாங்கிக்கொள்வதற்காகப் போட்டது, மற்றவற்றைவிட மெல்லியது. கீழே உள்ள தடித்த கம்பிகளைப் பார்த்துவிட்டு, அவற்றைத் தாண்டிவிடலாம் என்று மேலே ஏறும் விமானி நேராக இதில் போய் மாட்டிக்கொள்கிறார்.

விமானம் ஒரே ஒரு கம்பியைத் தொட்டால், அதில் உட்காரும் பறவையைப் போலத்தான், உள்ளே இருப்பவருக்கு ஷாக் அடிக்காமல் போகலாம். கொல்வது பெரும்பாலும் கம்பியின் வலுதான். 'ஜீப்ரா' எனப்படும், நடுவில் எஃகு இழைகள் கொண்ட கம்பி அறுந்துபோக ஏறக்குறைய 13 டன் இழுவிசை வேண்டும். சிறிய விமானத்தின் எடை ஒரு டன்தான். சக்கரம் கம்பியில் மாட்டினால் மூக்கு கீழே குத்தும், நிமிர்த்துவதற்கு உயரம் இருக்காது. ஆட்களை ஏற்றிப் பறக்கும் வெப்பக்காற்று பலூன் மெதுவாக வந்து சிக்குவதால் அதற்குத் தீப்பொறியும் தீயும் எமன். 2012-இல் நியூசிலாந்தின் கார்ட்டர்ட்டனில் 11 பேரும், 2016-இல் டெக்சஸின் லாக்ஹார்ட் அருகே 16 பேரும் இப்படி பலூன் மின்கம்பியில் மோதி இறந்தார்கள்.

அதனால் கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். காட்டுக்குள் நேர்க்கோடாக மரம் வெட்டியிருந்தால் அங்கே கம்பி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடந்தே ஆக வேண்டுமென்றால் கோபுரத்தின் தலைக்கு மேலே, போதிய உயரம் விட்டுக் கடக்க வேண்டும், நடுவில் அல்ல. அப்புறம், கம்பியோடு தரையில் விழுந்தால், தீப்பிடிக்காத வரை மின்சாரம் துண்டிக்கப்படும்வரை உள்ளேயே இருங்கள். தீப்பிடித்தால் விமானத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து தூக்காமல் சிறு சிறு அடியாக நகர்த்தி விலகிப் போங்கள்.