இருபது வளைவுகளில் ஒரு சொல்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு பலகை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் ஏழு வயது மகள் முதல் பலகையை 'கொ...ண்...டை' என்று எழுத்துக்கூட்டுவதற்குள் வண்டி திரும்பிவிட்டது. இரண்டாவதில் 'கொண்டை ஊ' வரை வந்தாள். ஆறாவது வளைவில் பலகை கண்ணில் பட்டதுமே முழுசாகச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் மலை உச்சி வரை எழுத்துக்கூட்டவே இல்லை.

இதைத்தான் டேவிட் ஷேர் என்ற ஆய்வாளர் 1995இல் 'தானே கற்றல்' கருதுகோளாக விரித்து எழுதினார். புதுச் சொல் ஒன்றைக் குழந்தை தன் முயற்சியில் சரியாகப் படிக்கும்போதெல்லாம் அதன் எழுத்து வரிசையும் ஒலியும் மனத்தில் சேர்ந்து முடிச்சு விழுகிறது. சில தடவை போதும், பிறகு பார்த்த மாத்திரத்தில் சொல் வந்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சொல் காதுக்குப் பழகியிருந்தால்தான் முடிச்சு சுலபமாக விழும். 'க' என்ற ஒரே எழுத்து கல், தங்கம், பகல் மூன்றிலும் வெவ்வேறாக ஒலிக்கிறது. பகல் என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய பிள்ளை முதலில் தப்பாக உச்சரித்தாலும் தானே திருத்திக்கொள்ளும். கேட்டேயிராத சொல்லை எதை வைத்துத் திருத்தும்?

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் எங்களைப் போன்றவர்கள் தடுமாறுவது இங்கேதான். 247 எழுத்தும் வந்தாச்சு, ஆங்கிலத்துக்கு எழுத்தின் ஒலியைச் சேர்த்துப் படிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸும் முடிந்தது, இனி புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். ஒருநாள் என் மகள் ஒரு பக்கத்தைப் பிழையே இல்லாமல் படித்தாள். என்ன கதை என்று கேட்டால் விழித்தாள். கவனமில்லை என்று கோபப்பட்டேன். அந்தக் கோபம் தப்பு.

வாசித்துப் புரிந்துகொள்வது இரண்டு திறன்களின் பெருக்கல் என்று 1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் எழுதினார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று, மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஃபோனிக்ஸ் வளர்ப்பது முதலாவதை மட்டும்தான்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் 'வந்துட்டிருக்காங்க' என்கிறோம். புத்தகத்தில் இருப்பதோ 'வந்துகொண்டிருக்கிறார்கள்'. எண்ணிப் பாருங்கள், 13 எழுத்து. நம் மனம் ஒரே நேரத்தில் ஏந்தி வைத்துக்கொள்ளக்கூடிய துண்டுகள் மிகக் கொஞ்சம். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக ஏந்திப் போகும் குழந்தை கடைசி 'ள்'ளுக்கு வரும்போது தொடக்கம் நழுவியிருக்கும். வாக்கியத்தின் பொருளைப் பிடிக்க இடமே மிஞ்சாது. அதே சொல்லைப் பலமுறை காதால் கேட்டிருந்தால் வந்து, கொண்டிரு, கிறார்கள் என்று இரண்டு மூன்று துண்டுகளாகச் சுருங்கிவிடும். மிச்ச இடம் கதைக்குக் கிடைக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கியதும் நாம் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. அதுவும் அவள் தானே படிக்கும் புத்தகத்தைவிட இரண்டு படி கடினமானதாக, புத்தகத் தமிழைப் பேச்சாக மாற்றாமல், அப்படியே வாசிக்க வேண்டும். நான் முதலில் இரக்கப்பட்டு 'இருக்கிறார்கள்' என்பதையெல்லாம் 'இருக்காங்க' என்று மாற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தேவையானதை நானே வடிகட்டிக் கொட்டியிருக்கிறேன்.

அடுத்தது, விஷயம் தெரிந்திருப்பது. 1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எங்கள் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வதையும், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறுவதையும், பழத்தைப் பல்ப்பர் இயந்திரத்தில் போட்டுத் தோல் நீக்குவதையும் பார்த்து வளரும் பிள்ளைக்குக் காப்பி பற்றிய பக்கம் பாதி படித்த பக்கம் மாதிரிதான். ஆகவே வாரத்துக்கு ஒரே விஷயம் என்று வைத்துக்கொண்டோம். தேனீ என்றால் வாரம் முழுக்கத் தேனீ. ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், அந்தப் பலகைகள் போல.

தாத்தாவின் பழைய புத்தகங்களையும் ஒதுக்க வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போன்ற கொம்போடு இருக்கும். முதலில் திகைத்தாள். ஆனால் 'தலை வலிக்கிறது' என்ற வாக்கியத்தில் அது 'லை' ஆகத்தான் இருக்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்துவிட்டாள். காது சொல்லிக் கொடுத்தது.

போன வாரம் சாயங்காலம் தோட்டத்து வேலிப் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அம்மா, காட்டெருமைகள் வந்துகொண்டிருக்கின்றன!"