மணி அடித்த பிறகு: வகுப்பறைக்கு வெளியே பள்ளியின் விழுமியங்கள்

தண்ணீர்க் குழாய் முன் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஆசிரியர் ஒருவர் காலி பாட்டிலோடு வருகிறார், நேராக முன்னால் போய் நிரப்பிக்கொண்டு திரும்புகிறார். யாரும் முணுமுணுப்பதுகூட இல்லை. அடுத்த பாடவேளைக்கு ஓட வேண்டும், அவருடைய அவசரம் உண்மைதான். ஆனால் எதிர்ச் சுவரில் 'அனைவரும் சமம்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. வரிசை என்பது சின்னவர்களுக்கு மட்டும் என்று அந்தப் பிள்ளைகள் புரிந்துகொண்டு போகிறார்கள்.

இதை அந்த ஆசிரியரின் குணக்குறை என்று பார்த்தால் வழி பிறக்காது. வகுப்பறைக்கு வெளியே விழுமியங்கள் சறுக்கும் இடங்களில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும்: அவசரம், இல்லையென்றால் பெரியவர்களுக்கென்று சொல்லாமலே விட்டுவைத்த விதிவிலக்கு. ஆசிரியர் அறையில் ஒரு குடிநீர்க் கேன் வைத்தால் முதல் காரணம் போய்விடும். இரண்டாவதை வெளிப்படையாகப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

பிள்ளைகள் சொல்லைவிடச் செயலைத்தான் பின்பற்றுகிறார்கள் என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் குழுவினரும் 1961-இல் வெளியிட்ட ஆய்வில் 72 குழந்தைகள் பங்கேற்றார்கள். பெரியவர் பொம்மையை அடித்ததைப் பார்த்த குழந்தைகளில் பலர், அதே அடியையும் அதே வார்த்தைகளையும் திருப்பிச் செய்தார்கள். 1970-இல் ஜேம்ஸ் பிரையனும் நான்சி வால்பெக்கும் செய்த ஆய்வு ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமானது. பிறருக்குக் கொடுப்பது நல்லது என்று பேசிவிட்டுக் கொடுக்காமல் போனவரைப் பார்த்த பிள்ளைகள், அவர் பேச்சைக் கேட்டுக் கொடுக்கவில்லை. அவர் செய்ததையே செய்தார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இருபது நிமிடம் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

'மரியாதை' என்று எழுதி வைத்தால் யாருக்கும் எதுவும் புலப்படாது. ஒரு விழுமியத்துக்கு இரண்டு செயல்கள் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் யார், எங்கே, எப்போது என்பது இருக்க வேண்டும். 'பொறுப்பு' என்பதற்கு: இடைவேளைப் பணியில் இருப்பவர் மணி அடிப்பதற்கு 2 நிமிடம் முன்பே தன் இடத்தில் நிற்பார். 'நேர்மை' என்பதற்கு: மதிப்பெண் கூட்டலில் பிழை என்று பிள்ளை வந்தால், அதே நாளில் அவன் கண்முன் திருத்தப்படும், மதிப்பெண் குறைந்தாலும் சரி. மூன்று விழுமியங்களுக்கு மேல் எடுத்தால் எதுவும் நினைவில் நிற்காது. பத்து வார்த்தைகளைச் சட்டம் போட்டு மாட்டிய பள்ளிகளில், அதில் ஐந்தை ஆசிரியர்களாலேயே சொல்ல முடிவதில்லை.

நடைபாதைக்கு வருவோம். ஒரு பையன் ஓடுகிறான், சின்னப் பிள்ளை மேல் மோதப் பார்க்கிறான். வழக்கமாக நடப்பது, தூரத்திலிருந்தே ஒரு கத்தல்: "ஏய், உனக்கு எத்தனை தடவை சொல்றது?" நாற்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அவனுக்கு அவமானம் மட்டும்தான் நினைவில் நிற்கும், ஓடியது நிற்காது. கிட்டே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சுவர் ஓரமாக நிறுத்தி, பார்த்ததை மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: "ஓடி வந்தே, அந்தப் பாப்பா மேல இடிக்கப் பார்த்தே." பிறகு "என்ன அவசரம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் கடினம். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் 1 விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராதது குறைந்தது. நடைபாதையிலும் அந்த 3 விநாடிக்கு வேலை உண்டு. கழிப்பறைக்கு ஓடியிருப்பான், யாரோ துரத்தியிருப்பார்கள். இரண்டுமே ஆசிரியருக்குத் தெரிய வேண்டியவை. பள்ளி ஒழுங்கு குழந்தையின் மாண்புக்கு இசைவாக இருக்க வேண்டும் என்று 1989-இன் ஐ.நா. குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வரி நடைமுறையில் இந்தச் சுவரோரத்தில்தான் இருக்கிறது.

தமிழில் மரியாதை ஒரு விகுதியிலேயே வெளிப்பட்டுவிடும். தலைமையாசிரியரிடம் "வாங்க சார்", அவரைவிட மூத்த துப்புரவுப் பணியாளரிடம் "இங்க வா". இரண்டும் ஒரே நிமிடத்தில், ஒரே பிள்ளையின் காதில் விழுகின்றன. காவலாளி, ஓட்டுநர், அலுவலக உதவியாளர் எல்லோரையும் 'ங்க' போட்டு, பெயரோ முறையோ சொல்லிக் கூப்பிடுவது என்று ஆசிரியர்கள் கூடி முடிவெடுத்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். பிள்ளைகளிடம் யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

மன்னிப்பு கேட்பதில் ஒரு பொதுவான தவறு உண்டு. வகுப்பு முழுவதும் பார்க்க ஒருவனைத் திட்டிவிட்டு, தப்பு அவனுடையதில்லை என்று தெரிந்ததும், அவனைத் தனியே கூப்பிட்டு "சரி விடுப்பா" என்று முடித்துவிடுகிறார்கள். எங்கே குற்றம் சாட்டினோமோ அங்கேதான் திரும்ப எடுக்க வேண்டும். எல்லோர் முன்னும் திரும்பப் பேசப்படுவது வேண்டாம் என்று அவனே சொன்னால் மட்டும் தனியாக. "நேத்து உன்னைத்தான் காரணம்னு சொன்னேன். அது தப்பு. விசாரிக்காம பேசிட்டேன். இனிமேல் கேட்டுட்டுத்தான் பேசுவேன்." இதற்குப் பிறகு 'ஆனா' என்ற சொல் வரக்கூடாது. "ஆனா நீயும் அன்னைக்கு…" என்று தொடங்கினால் மன்னிப்பு அங்கேயே போயிற்று.

இடைவேளைக் கண்காணிப்பில் இரண்டு ஆசிரியர்கள் ஓரிடத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பது சாதாரணக் காட்சி. மைதானத்தின் பாதி அப்போது யார் கண்ணிலும் இல்லை. கேலியும் அடிதடியும் நடப்பது நடுவில் இல்லை, கழிப்பறை வாசல், படிக்கட்டுத் திருப்பம், வண்டி வரிசையின் கடைசி போன்ற இடங்களில். ஒருவருக்கு ஒரு பகுதி என்று பிரித்து, நடந்துகொண்டே பார்க்க வேண்டும்; போகிற வழியில் தனியாக நிற்கும் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். கைப்பேசி பையில் இருக்கட்டும்.

பையிலிருந்து அது வெளியே வரும் நேரம் வேறு ஆபத்து. பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணோ கட்டணப் பாக்கியோ பெயரோடு போய்விட்டால், 'அனைவருக்குமான நீக்கம்' செய்தாலும் செய்தி நீக்கப்பட்டதற்கான தடம் நிற்கும். அதற்குள் யாரோ படம் பிடித்திருப்பார்கள். தனி விஷயம் தனி அழைப்பில். கோபத்தில் குரல் பதிவு அனுப்பவே வேண்டாம். எழுதி வைத்து அரை மணி நேரம் கழித்துப் படித்தால் பாதி வரிகள் தாமாக உதிர்ந்துவிடும். மாணவரோடு ஆசிரியரின் சொந்த எண்ணில் தனி உரையாடல் கூடாது. படம் போட வேண்டுமென்றால் பெற்றோர் அனுமதி எழுத்தில் வேண்டும். முகமும் முழுப்பெயரும் வகுப்பும் ஒரே பதிவில் சேரக்கூடாது.

அதற்காக ஆசிரியர் இருபத்து நான்கு மணி நேரமும் விழுமியச் சிலையாக நிற்க வேண்டும் என்று கேட்பது அநியாயம். ஆசிரியர்களின் நிலை குறித்து 1966-இல் ஏற்கப்பட்ட யுனெஸ்கோ–சர்வதேச தொழிலாளர் அமைப்பு பரிந்துரை, குடிமக்கள் பொதுவாக அனுபவிக்கும் உரிமைகளெல்லாம் ஆசிரியருக்கும் உண்டு என்கிறது. அவர் என்ன உடுத்துகிறார், விடுமுறையில் எங்கே போகிறார் என்பது பள்ளியின் கவலையில்லை. தன் வகுப்புப் பிள்ளைகளுக்கே காசு வாங்கிக்கொண்டு தனிப்பயிற்சி நடத்துவது நிச்சயம் பள்ளியின் கவலை. மதிப்பெண் போடும் கையும் கட்டணம் வாங்கும் கையும் ஒன்றாகிவிட்டால், சேராத பிள்ளை தன் விடைத்தாளைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பான்.

நிர்வாகத்தின் பங்கு இதில் பாதி. தொடர்ந்து ஆறு பாடவேளை எடுத்து, உணவு இடைவேளையிலும் கண்காணிப்புப் போட்ட ஆசிரியரிடம் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. அட்டவணையில் அதைச் சரிசெய்த பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆசிரியர் கூட்டத்தில் 15 நிமிடம் ஒதுக்கலாம். நடந்த ஒரு சம்பவம், பெயர்கள் இல்லாமல். இன்னொரு முறை நடந்தால் என்ன செய்வோம் என்ற பேச்சு மட்டும். இதை மதிப்பெண் போடும் படிவமாக மாற்றினால், அடுத்த கூட்டத்திலிருந்து யாரும் உண்மையான சம்பவத்தைக் கொண்டுவர மாட்டார்கள்.