ரீபாடி: கூண்டு மாற்றிய கார்

பழைய இத்தாலியப் பந்தயக் கார் விற்பனைக்கு வந்தால், ஏலக் குறிப்பில் சில சமயம் 'ரீபாடி' என்றொரு சொல் வரும். அதைத் தமிழில் 'புதுப்பித்த கார்' என்று எழுதினால் தப்பு. புதுப்பிப்பது என்றால் இருப்பதையே சீர்செய்வது. ரீபாடி என்றால் மேலே இருந்ததை மொத்தமாகக் கழற்றிவிட்டு, எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் அதே சேஸிஸ் மேல் வேறொன்றைக் கட்டுவது.

1961-இல் உருவான பெராரி 250 ஜிடி கார் ஒன்று, சேஸிஸ் எண் 2819. அதை வைத்திருந்த வோல்பி பிரபுவுக்குப் பெராரியின் புதுப் பந்தயக் காரான 250 ஜிடிஓ வேண்டும். நிறுவனர் என்ஸோ பெராரி தர மறுத்துவிட்டார். சரி, இருக்கும் காரையே மாற்றுவோம் என்று பிரபு ஜொத்தோ பிட்ஸாரினியிடம் போனார். ஜிடிஓவை உருவாக்கிவிட்டு பெராரியை விட்டு வெளியேறியிருந்த பொறியாளர் அவர். எஞ்சினை இன்னும் கீழே, பின்னால் தள்ளி வைத்தார். இத்தாலியின் மொதேனா நகரில் பியெரோ டிரோகோவின் பட்டறை புது மேல்பகுதியைக் கட்டியது. கூரை சரியாமல் நேராகப் பின்னால் ஓடி, கத்தியால் வெட்டினதுபோல் நிற்கும். 1962 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜிடிஓக்களை முந்தி ஓடிக்கொண்டிருந்தபோது, நான்காவது மணி நேரத்தில், எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் டிரைவ்ஷாஃப்ட் உடைந்து நின்றது. பார்த்தவர்கள் வைத்த பெயர் 'ரொட்டி வண்டி'. எனக்கு அதைவிட அழகான பெராரி இல்லை.

ஆங்கிலத்தில் 'பாடி' உடம்பு, 'ரீ' மறுபடி. இத்தாலியர்கள் இந்த வேலை நடக்கும் பட்டறையைக் 'கரொட்ஸேரியா' என்பார்கள். 'கரொட்ஸா' என்றால் குதிரை பூட்டிய கூண்டு வண்டி. அதற்கும் முன்னால் 'கார்ரோ', வெறும் வண்டி. அது லத்தீன் 'கார்ருஸ்' வழி வந்தது. 'கார்' என்ற சொல்லுக்கும் அதுதான் வேர்.

நமக்கும் இதே வழி இருக்கிறது. மாட்டு வண்டிக்கு மேலே வளைத்துக் கட்டினால் கூண்டு வண்டி. அந்தச் சொல்லே பின்னால் பஸ்ஸுக்கு வந்தது. கரூர்ப் பக்கம் நெடுஞ்சாலையில் வெறும் சேஸிஸ் ஓடிப் பார்த்திருப்பீர்கள்: கூரை இல்லை, கதவு இல்லை, தலையில் துண்டு கட்டிய டிரைவர் மட்டும். பட்டறைக்குப் போய் 'கூண்டு கட்டி' வெளியே வரும். மொதேனா பட்டறைகளில் அலுமினியத் தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டிச் செய்ததும் இதே வேலைதான். ஆகவே 'மறுவுடல்' என்று புதுச்சொல் புனைய வேண்டாம். 'கூண்டு மாற்றிய கார்' போதும். பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் 'மறுகூண்டு'. சேஸிஸுக்கு 'அடிச்சட்டம்'.

ஒன்று மட்டும் கவனம். கூண்டு எப்போது மாறியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரொட்டி வண்டியின் கூண்டு, பந்தயத்துக்காக அந்தக் காலத்திலேயே மாறியது. அதுவும் அந்தக் காரின் வரலாறு. ஆனால் நான்கு பேர் உட்காரும் 250 ஜிடிஇ கார்கள் எத்தனையோ பிற்காலத்தில் ஜிடிஓ நகலாக மாறின. ஜிடிஇயின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2,600 மில்லிமீட்டர், ஜிடிஓவுக்கு 2,400. அச்சு அசலாக வர வேண்டுமென்றால் அடிச்சட்டத்தில் 20 சென்டிமீட்டரை அறுத்தெடுக்க வேண்டும். நல்ல கார் ஒன்று அதோடு போயிற்று. இதை 'நகல்' என்றே சொல்ல வேண்டும்.

விற்பனைக் குறிப்பைத் தமிழில் எழுதினால் இப்படி எழுதலாம்: '1961 பெராரி 250 ஜிடி, அடிச்சட்ட எண் 2819, 1962-இல் மொதேனா டிரோகோ பட்டறையில் கூண்டு மாற்றியது.'