விழுந்த நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

இந்த ஆடியில் விதை சரியில்லை என்று எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். நேற்று குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் நாற்று வளர்க்கும் குழித்தட்டோடு நாற்றங்காலுக்கு வந்தார். இலவம்பாடி முள்ளுக் கத்திரி. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்த விதைக்கு நல்ல கிராக்கி.

"தம்பி, நீ குடுத்த விதை சொத்தை. எல்லாம் படுத்துடுச்சு."

தட்டைக் கையில் வாங்கினேன். அடியிலிருந்து தண்ணீர் சொட்டி என் செருப்பு நனைந்தது.

சொத்தை விதை முளைக்கவே முளைக்காது, அண்ணா! முளைத்து, இரண்டு இலை விட்டு, அப்புறம் சாய்ந்தால் அது நாற்றழுகல், ஈரம் மிஞ்சினால் வரும் பூஞ்சை நோய். தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். வெந்நீர் பட்டது போலக் கன்றி, நூலாக இளைத்திருக்கும். மேலே இலை பச்சையாகவே இருக்கும். அதைப் பார்த்துத்தான் "தாகம்" என்று நினைத்து இன்னொரு குடம் ஊற்றுகிறீர்கள். வேலூர் வெயில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிழல்வலைக்குள் இருக்கும் தட்டுக்கு அந்த வெயில் கணக்கு ஆகாது. குழியில் மண்ணுக்குப் பதில் நிரப்பிய தென்னை நார்க்கழிவை ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் கசிந்தால் போதும், ஒழுகினால் அன்றைக்குத் தண்ணீரே வேண்டாம். மேல்பரப்பு காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து ஊற்றாதீர்கள்.

விதைக்கும் முன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள்ளுங்கள், அது அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை. இளஞ்சிவப்புப் பொடி பூசி வந்த விதையென்றால் டிரைக்கோடெர்மா வேண்டாம், ஏற்கெனவே மருந்து ஏறியிருக்கிறது. அந்த விதையில் மீந்ததைக் கோழிக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

முளைக்கவே இல்லை என்பவர்களுக்கு: மிளகாய் 8, 10 நாள் எடுக்கும். நாலாம் நாளே தோண்டிப் பார்க்காதீர்கள். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும், விரல்கணு அளவுக்குப் புதைக்க அது கடலை இல்லை. அடுக்கி மூடிவைத்த தட்டுகளை முளை தலைகாட்டிய அன்றே பிரித்து வெளிச்சத்தில் பரப்புங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் வெளுத்து, ஒல்லியாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

விழுந்த நாற்றை அந்தக் குழியின் நார்க்கழிவோடு அள்ளித் தூரப் போடுங்கள். அதிலேயே மறுவிதைப்பு வேண்டாம்.

விதைமேல் சந்தேகமா? சரி, பத்து விதையை ஈரத்துணியில் மடித்து, துணி காயாமல் பத்து நாள் வையுங்கள். பாதிகூட முளைக்கவில்லையா, பாக்கெட்டும் பில்லுமாக வாருங்கள். அப்போது என்னோடு சண்டை போடலாம்.