மங்கும் கம்பியும்: கொலஸ்ட்ரால் மாத்திரை எலும்பை என்ன செய்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்ப் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். என் பழைய மாணவன் ஒருவனின் அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார். “வாத்தியாரே, இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை எலும்பைக் கரைச்சிடுமாம்லா? வாட்ஸ்அப்ல ஒருத்தர் பேசி அனுப்பியிருக்கார்.” அவருக்கு வயது 58. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தோட்டம் விற்கப்படும் வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி வாங்கிவரும் சிம்வாஸ்டாட்டின் என்ற அந்த மாத்திரையை இரண்டு வாரமாகத் தொடவில்லையாம். அந்தக் குரல்பதிவை வாங்கிக் கேட்டேன். கடைசி அரை நிமிடம் முழுக்க ஏதோ ஓர் எலும்புப் பவுடரின் விலையும் தள்ளுபடியும்தான்.

“கரைக்காதும்மா. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, கிளினிக்ல போய்க் கேளுங்க” என்றேன். மீன் கடையில் நின்றுகொண்டு அவ்வளவுதான் சொல்ல முடியும். முழுப் பதிலை அவர் வெட்டிய மரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

அதற்கு முன் தெரிந்த கதையை ஓட்டிவிடுவோம். நம் எலும்பில் இடிப்பும் கட்டுமானமும் சாகும்வரை நடக்கின்றன. இடிக்கும் செல் ஆஸ்டியோகிளாஸ்ட், கட்டும் செல் ஆஸ்டியோபிளாஸ்ட். இடிப்பவரை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். ரத்தத்தில் சுற்றும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்ள உதவுவதும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். மாதவிலக்கு நின்றால் இரண்டு பிடியும் ஒரே காலத்தில் தளர்கின்றன. கொலஸ்ட்ரால் ஏறுகிறது, எலும்பு தேய்கிறது. ஏறியதற்கு டாக்டர் மாத்திரை தருகிறார். சில வருடம் கழித்துக் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தால் பழி மாத்திரை மேல் விழுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இனி மரத்துக்கு வருவோம். கத்தி பட்டதும் பட்டையிலிருந்து வடிகிறதே பால், அதிலுள்ள ரப்பர் என்பது ஐந்து கார்பன் கொண்ட ஒரு சின்னத் துண்டை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. அந்தத் துண்டை ‘மணி’ என்று வைத்துக்கொள்வோம். அதன் வேதியியல் பெயர் வாயில் நுழையாது. மணி செய்ய மரம் போகும் வழிக்கு மெவலோனேட் பாதை என்று பெயர். அந்தப் பாதையின் வாசலில் உட்கார்ந்திருப்பது எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதி. நம் கல்லீரலிலும் அதே மணி, அதே பாதை, வாசலில் அதே வேலை பார்க்கும் நொதி. மரம் மணிகளை நீளமாகக் கோத்து ரப்பராக்குகிறது. நாம் ஆறு மணிகளைக் கோத்து, வளையம் வளையமாக மடித்து, மூன்று கார்பனைக் கழித்துவிட்டால் 27 கார்பன் உள்ள கொலஸ்ட்ரால். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 நமக்குப் பக்கத்திலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு மனிதக் கல்லீரல்தான் ஞாபகத்துக்கு வரும். வீட்டில் யாரும் இதை ரசிப்பதில்லை.

வாசல் நொதியின் வாயை அடைப்பதுதான் சிம்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரைகளின் வேலை. ஜப்பானியர் அகிரா எண்டோ 1970களில் சுமார் 6,000 பூஞ்சைகளைச் சோதித்து முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். அது கிடைத்தது கியோட்டோ நகரத்து அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையில். 1979இல் இன்னொன்றையும் பிரித்தார். அது மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையிலிருந்து வந்தது. சித்தியவான் ஊரின் ஃபூச்சோவ் சீனர்கள் ஒயின் காய்ச்சும் அரிசியைச் சிவக்க வைப்பதும் அந்தப் பூஞ்சை இனம்தான். அந்தப் பொருளும் பிற்பாடு லோவாஸ்டாட்டின் என்று விற்பனைக்கு வந்த மருந்தும் ஒன்றே. ‘கெமிக்கல் மாத்திரை வேண்டாம், இயற்கையான சிவப்பரிசி கேப்சூல் சாப்பிடுகிறேன்’ என்பவர்கள் அதே மருந்தை அளவு தெரியாமல் விழுங்குகிறார்கள்.

எலும்பு இதில் எங்கே வருகிறது? செய்த மணியெல்லாம் கொலஸ்ட்ராலுக்கே போய்விடுவதில்லை. மூன்று மணி கோத்த இடத்தில் பாதை கிளை பிரிகிறது. ஒரு கிளையில் இன்னொரு மணி சேர்ந்து நான்காகி, 20 கார்பன் உள்ள எண்ணெய்ப்பசை வால் ஒன்று உருவாகிறது. ரோ, ராக், ராப் என்ற குட்டிப் புரதங்களுக்கு அந்த வாலைச் செல் ஒட்டிவிடுகிறது. அந்த வால்தான் புரதத்தைச் செல்லின் சவ்வில் செருகி நிறுத்துகிறது. பால் வெட்டியவர்களுக்கு உடனே புரியும்: பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு எவ்வளவு நல்ல மங்காக இருந்தாலும் மரத்தைச் சுற்றிய கம்பி இல்லாவிட்டால் தரையில்தான் கிடக்கும், பால் வேருக்குத்தான் போகும்.

ஆஸ்டியோகிளாஸ்டுக்கு இந்த மங்குகள் உயிர்நாடி. அது எலும்பின் மேல் அட்டை போல ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி விளிம்பை இறுக்கி மூடி, அடியில் ஒரு குழி அறை செய்துகொள்கிறது. அறையின் கூரை மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். அந்த மடிப்புகள் வழியாக அமிலத்தை இறக்கிக் கால்சியத்தைக் கரைக்கிறது. பிறகு கெத்தெப்சின் கே என்ற நொதியை விட்டு மிச்சமுள்ள புரதத்தை அரிக்கிறது. விளிம்பை இறுக்க, கூரையை மடிக்க, சரக்கைக் கொண்டுவந்து கொட்ட, எல்லாவற்றுக்கும் வால் முளைத்த அந்தக் குட்டிப் புரதங்கள் வேண்டும். வால் கிடைக்காவிட்டால் மடிப்பு தட்டையாகிறது, இடிப்பு நிற்கிறது, கடைசியில் செல்லே தன்னை மாய்த்துக்கொள்கிறது.

எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட் மாத்திரை செய்வது இதைத்தான். மூன்று மணி கோக்கும் நொதியை அது அடைக்கிறது. இது புரிந்தது 1990களின் கடைசியில். மருந்து அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. ஆய்வுத்தட்டில் மருந்து பட்டுச் சுருண்ட ஆஸ்டியோகிளாஸ்டுகளுக்கு அந்த 20 கார்பன் வாலை மட்டும் வெளியிலிருந்து ஊற்றினார்கள். அவை எழுந்து மறுபடி இடிக்கத் தொடங்கின. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைகளில் இது ஒன்று.

ஆக, கொலஸ்ட்ரால் மாத்திரையும் எலும்பு மாத்திரையும் ஒரே மரத்தில் போட்ட இரண்டு வெட்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே. அப்படியானால் ஸ்டாட்டின் எலும்பைக் கரைப்பதற்குப் பதில் காக்கத்தானே வேண்டும்? ஆய்வுத்தட்டில் காக்கிறது. 1999இல் டெக்சஸ் ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் புது எலும்பே வளர்ந்தது. ஆனால் நாம் விழுங்கும் சிம்வாஸ்டாட்டினில் பெரும்பகுதியைக் கல்லீரல் வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. எலும்புக்குப் போய்ச் சேருவது கொஞ்சம். 17,802 பேர் கலந்துகொண்ட ஜூபிடர் சோதனையில், ரொசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டினைச் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எலும்பு முறிவில் வித்தியாசமில்லை என்று 2015இல் வெளியிட்டார்கள். கரைக்கவும் இல்லை, காக்கவும் இல்லை. 2019இல் ஆஸ்திரியப் பதிவேடுகளை அலசியவர்கள் ஸ்டாட்டினைக் குறைந்த அளவு சாப்பிட்டவர்களிடம் எலும்புத் தேய்மானம் குறைவாகவும், அதிக அளவு சாப்பிட்டவர்களிடம் கூடுதலாகவும் கண்டார்கள். வாட்ஸ்அப்காரர் பிடித்துக்கொண்டது இதன் பின்பாதியாக இருக்கலாம். அதிக அளவு யாருக்குத் தருவார்கள்? ஏற்கெனவே அதிகம் நோயுற்றவர்களுக்கு. பதிவேட்டை வைத்து மாத்திரையைக் குற்றவாளி ஆக்க முடியாது.

ஸ்டாட்டினை நேராக எலும்புக்கு அனுப்பும் வழி கண்டுபிடித்தால் என்ன என்று கேட்கலாம். முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். யுகேஎம் பல்கலைக்கழகத்தில் சினைப்பை நீக்கிய எலிகளுக்கு லோவாஸ்டாட்டினையும் செம்பனை எண்ணெயில் உள்ள டோகோட்ரைனால் என்ற வைட்டமின் ஈ வகையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எலியோடு நிற்காமல் ஆயிரக்கணக்கான பெண்களிடம் சோதிக்கப் பெரும் பணம் வேண்டும். காப்புரிமை முடிந்த மாத்திரைக்கு எந்தக் கம்பெனி அதைப் போடும்? போட வேண்டியது அரசாங்கம். ரப்பராலும் செம்பனையாலும் வளர்ந்த நாட்டுக்கு, அந்த மரங்களுக்கு அடியில் குனிந்தே வயதான பெண்களின் எலும்புக்குச் செலவழிக்கும் கடன் உண்டு என்பது என் கட்சி.

அந்த அம்மா கிளினிக்குக்குப் போனார். கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொடரச் சொல்லி, ஆஸ்பித்திரிக்கு எழுதிக்கொடுத்து எலும்பு ஸ்கேனும் எடுக்க வைத்தார்கள். தேய்மானம் இருந்தது. இப்போது ராத்திரியில் சிம்வாஸ்டாட்டின். வாரத்துக்கு ஒரு நாள் விடியற்காலையில், வெறும் வயிற்றில், அலெண்ட்ரோனேட். அதைச் சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்கக்கூடாது, தொண்டைக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்த பழக்கத்தில் விடியற்காலை அவருக்குக் கஷ்டமில்லை. வருத்தமெல்லாம் வேறு. “வெறும் தண்ணிலதான் முழுங்கணுமாம் வாத்தியாரே. ஒரு தே தாரிக்கோட முழுங்கினா என்னவாம்?”

தே தாரிக் என்ற ஆற்றிய தேநீரில் பால் இருக்கிறது, பாலில் கால்சியம் இருக்கிறது. அந்த மருந்து கால்சியத்தைக் கண்டால் விடாது. எலும்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதே அதனால்தான். வழியில் பாலைப் பார்த்தால் குடலிலேயே அதைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும்.