பார்ப்பவரே பரிமாறும் வீடியோ

1080பி வீடியோ ஒன்று நொடிக்கு 5 மெகாபிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் சர்வர் நொடிக்கு 5 ஜிகாபிட் அனுப்பியாக வேண்டும். சிறிய அமைப்பின் சர்வர் அதைத் தாங்காது. பிரான்சின் ஃபிராமாசாஃப்ட் அமைப்பு வளர்த்தெடுத்து, 2018-இல் முதல் முழுப் பதிப்பாக வெளியிட்ட பியர்டியூப் என்ற வீடியோ தள மென்பொருள், இந்தச் சுமையில் ஒரு பங்கைப் பார்ப்பவர்களிடமே பிரித்துக் கொடுக்கிறது.

வீடியோ சில நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டிருக்கும். மேற்சொன்ன வேகத்தில் 4 நொடித் துண்டு 2.5 மெகாபைட். பக்கம் திறந்ததும் உங்கள் உலாவி, இதே வீடியோவை இப்போது பார்ப்பவர்கள் யார் என்று டிராக்கரிடம் (பார்ப்பவர்களின் பட்டியலை வைத்திருக்கும் சர்வரிடம்) கேட்கும். அவர்களோடு வெப்ஆர்டிசி (உலாவிகள் தமக்குள் நேரடியாகப் பேசும் தொழில்நுட்பம்) வழியே நேரடியாக இணையும். தனி மென்பொருள் எதுவும் நிறுவத் தேவையில்லை.

பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைத் துண்டு துண்டாகப் பகிரும் டொரண்டில், அரிதான துண்டைத்தான் முதலில் எடுப்பார்கள். வீடியோவில் அதையே செய்தால் படம் நின்றுவிடும். ஆகவே உடனே திரைக்கு வரவேண்டிய துண்டை சர்வரிடமும், சற்றுத் தள்ளி வருவதைச் சக பார்வையாளர்களிடமும் வாங்குவதே சரி. அவர்களிடமிருந்து நேரத்துக்கு வராவிட்டால் மறுபடி சர்வர்தான்.

முன்பின் தெரியாதவர் தரும் துண்டை எப்படி நம்புவது? வெப்ஆர்டிசியின் குறியாக்கம் வழியில் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும். அனுப்புபவரே கெட்ட துண்டைத் தந்தால் அதனால் பயனில்லை. அதற்காக ஒவ்வொரு துண்டின் எஸ்எச்ஏ-256 ஹாஷையும் (துண்டிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) சர்வரிடமிருந்து எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியே பெற வேண்டும். துண்டில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் பொருந்தாது. ஓட்டும் முன்பே அதை எறிந்துவிட்டு சர்வரிடம் புதிதாக வாங்கலாம். ஹாஷ் பட்டியலையும் சக பார்வையாளரிடமே வாங்கினால் இந்தச் சோதனைக்கே பொருளில்லை.

ஆனால் ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஹாஷ் காக்காது. பார்வையாளர்போல் நுழைபவர், அந்த வீடியோவைப் பார்ப்பவர்களின் முகவரிகளைத் திரட்ட முடியும். பியர்டியூபில் இந்தப் பகிர்வை நிறுத்தும் வசதி உண்டு. நோய், அரசியல் போன்ற வீடியோக்களுக்கு நிறுத்தி வைப்பதே நல்லது.

சில ரவுட்டர்களும் மொபைல் நெட்வொர்க்குகளும் நேரடி இணைப்பை விடுவதில்லை. இடையில் துண்டுகளை வாங்கிக் கடத்தும் ரிலே சர்வர் வைத்தால், குறைத்த சுமை அங்கே போய்ச் சேரும். மொபைல் டேட்டாவில் பார்ப்பவருக்கு அப்லோடும் கணக்கில் கழியும். தனியாக ஒருவர் பார்க்கும் பழைய வீடியோவுக்குத் துணை வர ஆளே இல்லை.

நேரலையில் எல்லோரும் வீடியோவின் ஏறக்குறைய ஒரே இடத்தைப் பார்ப்பதால் பகிர்வு நன்றாக நடக்க வேண்டும். ஆனால் தாமதத்தை மிகவும் குறைத்தால், இப்போதுதான் உருவான துண்டை எல்லோரும் ஒரே நொடியில் கேட்பார்கள். கொடுக்க யாரிடமும் இருக்காது. நேரலையைச் சில துண்டுகள் பின்தள்ளி ஓட்டினால்தான் கைமாற்ற அவகாசம் கிடைக்கும்.